எழுதாத அட்டவணை

என் அலுவலக மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு வெறுந்தாளின் நகல் இருக்கிறது. வெறுந்தாளுக்கு யாராவது நகல் எடுப்பார்களா என்று புதிதாக வரும் குமாஸ்தாக்கள் சிரிப்பார்கள். முழுக்க வெறுமை என்றும் சொல்லிவிட முடியாது. மேலே நடுவில் ‘அட்டவணை’ என்று ஒரு சொல், கீழே பதிவு அலுவலகத்தின் வட்ட முத்திரை, இடது ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, வலது மூலையில் நீதிமன்றம் கொடுத்த சான்றாவண எண். நடுவில், பெயர்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஒன்றுமே இல்லை. போர்ட் பிளேர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். ரத்தக்கறை படிந்த சட்டை, உடைந்த துடுப்பு, கள்ளக் கையெழுத்துப் போட்ட பத்திரம் என்று எத்தனையோ சான்றுகள் என் கண்முன்னே வந்து போயிருக்கின்றன. மனத்தை விட்டுப் போகாதது இந்தத் தாள்தான்.

நான் விருதுநகர்க்காரி. கணவருக்கு இங்கே பொதுப்பணித் துறையில் வேலை கிடைத்தது. மூன்று வருடம் இருந்துவிட்டு மெயின்லேண்டுக்கு மாற்றல் வாங்கிக்கொள்ளலாம் என்று கப்பலேறினோம். அந்த மூன்று வருடம் இன்னும் முடியவில்லை. எனக்குக் கிடைத்த வேலை, தமிழ் மட்டுமே தெரிந்த சாட்சிகள் சொல்வதை ஆங்கிலத்திலும், வக்கீல்கள் ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழிலும் சொல்வது. சாட்சி ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். நான் அடிக்கவில்லை, நான்தான் கையெழுத்துப் போட்டேன், எனக்கு அவரைத் தெரியாது என்று பகல் முழுக்க ஊரார் பேச்சையே பேசிப் பேசி, சொந்தமாக ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சண்டை போட்டால்தான் உண்டு.

அப்படி இருந்த காலத்தில்தான் ஆயாம்மா வழக்கு வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ஆயாம்மா. அறுபதைத் தாண்டியவர். ஒல்லி உடம்பு. நடக்கும்போது கைகளை வீசமாட்டார். சுமை தூக்கிப் பழகியவர்களின் நடை அது. பிள்ளை கிடையாது, கணவர் எப்போதோ போய்விட்டார். அவர் அறங்காவலராக இருந்த ஒரு வீட்டைக் காப்பாற்றுவதற்காகப் பிரதிவாதியாக வந்து நின்றார்.

அந்த வீட்டின் கதையைச் சொல்ல வேண்டும். நடு அந்தமானில், ரங்கத் என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டம். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த தமிழர்களை அங்கே குடியமர்த்தியிருந்தார்கள். பிரசவத்தில் சிக்கல் என்றால் அங்கிருந்து போர்ட் பிளேருக்குத்தான் வர வேண்டும். காட்டுச் சாலையில் போலீஸ் காவலோடு வண்டிகள் சேர்ந்து போகும் கான்வாய் கிளம்பும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும், உப்பங்கழியைக் கடக்க ஃபெர்ரிக்குக் காத்திருக்க வேண்டும். அப்படி ஒருநாள் ஃபெர்ரித் துறையில் காத்திருந்தபோதே ஒரு பெண் வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனாள். அவள் கணவர் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. காரியம் முடிந்த கையோடு அவர் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய்ப் பேசினார். நாற்பத்தொரு குடும்பங்கள் சேர்ந்து, ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு கட்டின. எட்டாம் மாதமே வந்து தங்கிக்கொள்ளலாம், பிள்ளையோடு திரும்பிப் போகலாம். மனைக்கான படிவத்தில் பெயர் எழுத ஒரே ஒரு கோடுதான் இருந்ததாம். அதனால் மனை, மனைவியை இழந்த அந்த மனிதர் பெயரில் பதிவானது. பிறகு ‘அட்டவணையில் கண்ட குடும்பங்களின் நன்மைக்காக’ என்று ஓர் அறக்கட்டளைப் பத்திரம் எழுதிக் கட்டைவிரல் வைத்தார். முதல் அறங்காவலர் அவர், அவருக்குப் பின், அந்த நாற்பத்தொன்றில் ஒரு குடும்பத்தின் மூத்தவரான ஆயாம்மா.

வழக்குப் போட்டவர் அந்த மனிதரின் ஒரே மகன். போர்ட் பிளேரில் கட்டட காண்டிராக்டர். வாதம் சுருக்கமாக இருந்தது, சுருக்கமான வாதங்கள்தான் பயங்கரமானவை. பத்திரம் அட்டவணையைக் காட்டுகிறது, அட்டவணையில் பெயர் இல்லை. யாருக்காக என்று தெரியாத அறக்கட்டளை செல்லாது. செல்லாவிட்டால் சொத்து எழுதிக்கொடுத்தவருக்கே திரும்பும். அவர் இறந்துவிட்டார், வாரிசு நான். அந்த இடத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு லாட்ஜ் கட்டத் திட்டம் இருந்தது. ஏழை எளிய கர்ப்பிணிகள் எல்லோருக்குமான பொது தர்மம் இது என்று ஆயாம்மாவின் வக்கீல் தூக்கி நிறுத்தப் பார்த்தார். பத்திரத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. வழக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கடைநிலை ஊழியருக்குக்கூடத் தெரிந்துவிட்டது. அந்த வாரம் வீட்டில் ஐந்து பெண்கள் நாளை எண்ணிக்கொண்டு தங்கியிருந்தார்கள்.

கட்சிக்காரர்களோடு மொழிபெயர்ப்பாளர் பேசக் கூடாது என்பது விதி. எனக்கு வாய் சும்மா இருக்காது. தாழ்வாரத்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தவரிடம், “இத்தனை வருஷத்துல ஒரு லிஸ்ட் எழுத ஒங்களுக்கு நேரமில்லையாம்மா?” என்று கேட்டுவிட்டேன். எரிச்சலில்தான் கேட்டேன். நான் காகிதத்தை நம்புகிறவள்.

அவர் கோபப்படவில்லை. “எழுதுனா அது காகஜ்ல கெடக்கும் மேடம். அப்பறம் எவரு கூப்பிடுவாங்க?” என்றார். பிடிவாதக்காரக் கிழவி என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அட்டவணை வெறுமையாக இருந்த காரணத்தை முதல் விசாரணையில் அவரே சொன்னார். பத்திரம் எழுதுகிறவர், குடும்பங்களின் பேரையெல்லாம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். முதல் அறங்காவலருக்குக் கேள்வியே விளங்கவில்லை. “பேர் கூப்பிடறது காலையில பெரட்டுலங்க. அத எதுக்குங்க இந்த ஆபீஸ்ல?” என்றாராம். பத்திர எழுத்தருக்குப் பசியோ அவசரமோ, தலைப்பை மட்டும் எழுதிவிட்டுத் தாளைத் திருப்பிவிட்டார். பதிவு அலுவலகத்தில் முத்திரையும் விழுந்துவிட்டது. தோட்டத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. மலைத் தோட்டத்தில் விடிந்ததும் எல்லோரும் ஓரிடத்தில் கூட வேண்டும். பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர்தான் பெரட்டு. அங்கே பெயரை எழுதுகிறவர் கணக்கப்பிள்ளை, எழுதிய பெயரை அடிக்கிறவரும் அவரே. பிந்தி வந்தால் அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் கூலி. எழுத்து எப்போதும் வேறொருவர் கையில் இருந்தது. கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்வது மட்டும்தான் ஆளின் கையில் இருந்தது. அதை மட்டும் கடல் தாண்டிக் கொண்டுவந்து, தங்களுக்குத் தாங்களே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அந்த வீட்டில் தினமும் காலை ஆறு மணிக்குப் பெரட்டு நடந்தது. ரப்பர் பால் வாளி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு, பால் வெட்டும் கத்தியின் பிடியால் மூன்று தட்டு. பிறகு நாற்பத்தொரு குடும்பங்களின் பெயரையும் கூப்பிடுவார்கள். குடும்பத்தின் மூத்த பெண்ணின் பெயர்தான் குடும்பத்தின் பெயர். அவள் உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும் பெயர் மாறாது. அந்தக் குடும்பத்தார் யார் அங்கே இருந்தாலும் “பேர் இருக்கு” என்று சொல்ல வேண்டும். யாரும் இல்லாவிட்டால் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டவரே சொல்ல வேண்டும். ஒரு நாளும் ஒரு பெயரையும் விட்டதில்லை என்றார் ஆயாம்மா. இதையெல்லாம் நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, எதிர்த்தரப்பு வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குறுக்கு விசாரணை நடந்த நாளில் நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. முந்தின நாளே ரங்கத்திலிருந்து பஸ் ஏறித் தோட்டத்து ஆட்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். உள்ளே இடமில்லாமல் தாழ்வாரத்திலும் நின்றார்கள். மகன் தன் வக்கீலுக்குப் பின்னால், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்லமாட்டேன். அதற்கு முந்தின வாரம் தன் சாட்சியத்தின்போது, பிளஸ் டூ முடிக்கிற வரை அந்த வீட்டின் பின்னறையில் அப்பாவோடு இருந்ததாகச் சொன்னார். “ஊர்ல உள்ள பிள்ளைங்க எல்லாம் பொறந்த வீடு. எனக்குன்னு அங்க ஒரு மூலை கெடயாது மேடம்” என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார், நீதிபதியைப் பார்த்து அல்ல. அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது நிஜம்.

மகனின் வக்கீல் எழுந்தார். வெறுந்தாளை ஆயாம்மாவின் கையில் கொடுக்கச் சொன்னார். இதில் எத்தனை பெயர்கள் எழுதியிருக்கின்றன என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்லீங்க.”

அப்படியானால் இந்த வீடு யார் யாருக்காக என்று உங்களால் சொல்ல முடியாது, சரிதானே என்றார் வக்கீல். நான் தமிழில் கேட்டேன். கேட்கும்போதே, ‘முடியாது’ என்று சொல்லிவிடாதே அம்மா என்று மனம் அடித்துக்கொண்டது.

“சொல்ல வராதுங்க” என்றார் ஆயாம்மா.

வக்கீல் கோப்பை மூடிவிட்டார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் ஆயாம்மா, “கூப்பிட வரும்” என்றார்.

இரண்டையும் சேர்த்து ஆங்கிலத்தில் சொன்னேன். நீதிபதி நேரத்தில் மகா கண்டிப்பானவர். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், வெறுந்தாளைப் பார்த்தார், பிறகு என்னிடம், கூப்பிடச் சொல்லுங்கள் என்றார். வக்கீலின் ஆட்சேபணையைக் குறித்துக்கொள்வதாகவும் சொன்னார்.

ஆயாம்மா தாளைக் கூண்டின் விளிம்பில் வைத்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். விரல் முட்டியால் மரச் சட்டத்தில் மூன்று தட்டுத் தட்டினார். “மேட்டு லயம்” என்று குரல் எடுத்தார். அதுவரை கேள்விக்குக் கேள்வி குனிந்து பதில் சொன்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது அதட்டல் இல்லை. ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய குரல். முதல் பெயரைக் கூப்பிட்டார்.

பின்வரிசையில் தயக்கமாக ஓர் ஆள் எழுந்து, “பேர் இருக்கு” என்றார். பெஞ்ச் கிளார்க் “சைலன்ஸ்!” என்று கத்தினார். நீதிபதி ஒரு விரலை உயர்த்தினார், பெஞ்ச் கிளார்க் உட்கார்ந்துவிட்டார். அடுத்த பெயர். வங்கியில் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண், கழுத்தில் அடையாள அட்டையோடு எழுந்தாள். அடுத்த பெயருக்குத் தாழ்வாரத்திலிருந்து பதில் வந்தது. இன்னொரு பெயருக்குக் கைக்குழந்தையோடு நின்ற வங்காளி மருமகள், பழகாத தமிழில் பதில் சொன்னாள். அதற்கடுத்த பெயருக்கு, நீதிமன்ற வாசலில் காவலுக்கு நின்றிருந்த போலீஸ்காரரே தொப்பியோடு விறைத்து நின்று, “பேர் இருக்கு” என்றார். அவரை ஆறு வருடமாகத் தினமும் பார்த்திருக்கிறேன், எந்த ஊர் என்று கேட்டதில்லை. மேட்டு லயம் முடிந்து நடு லயம், நடு லயம் முடிந்து ஓடையோர லயம். எங்கும் தடுமாற்றம் இல்லை, ஒரு பெயரை இரண்டாம் தடவை கூப்பிடவும் இல்லை. வெளியே கடற்காற்றில் மரம் ஆடுகிற சத்தமும் இந்தப் பெயர்களும் தவிர வேறு சத்தமே இல்லை.

எனக்குச் செய்ய வேலை இல்லாமல் போயிற்று. பெயர்களை எப்படி மொழிபெயர்ப்பது? பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. அந்த அறையில் அது நீதிபதிக்கு மட்டும் செய்கிற மரியாதை என்பதால் உட்கார்ந்திருந்தேன். என் காகித நம்பிக்கையெல்லாம் எத்தனை சின்னது என்று பிரமித்துப் போயிருந்தேன். காகிதத்தில் எழுதியிருந்தால் நாற்பத்தொரு வரி. இங்கே நாற்பத்தொரு குடும்பங்கள் நடமாடின.

மூன்று பெயர்களுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. அந்தக் குடும்பங்களில் ஆளே மிஞ்சவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆயாம்மா ஒவ்வொன்றுக்கும் பொறுத்துப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் இருக்கிறவருக்குச் சொல்வது போல, “பேர் இருக்கு” என்று தானே சொன்னார்.

கடைசிப் பெயர் ஃபெர்ரித் துறையில் செத்துப்போன அந்தப் பெண்ணுடையது. மகனின் தாய். பெரட்டில் அந்தப் பெயரைக் கடைசியாகக் கூப்பிடுவதுதான் வழக்கம். ஆயாம்மா கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் மகன் பக்கம் திரும்பக்கூட இல்லை, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தானே பதில் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை, பொறுத்தார். வேறு எந்தப் பெயருக்கும் அவர் இவ்வளவு நேரம் பொறுத்திருக்கவில்லை.

“பேர் இருக்கு.”

வெள்ளைச் சட்டைக்காரரின் வாயிலிருந்துதான் வந்தது. எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் தான் நிற்பதைப் பார்த்துத் தானே திகைத்தார். அந்த வீட்டில் பிளஸ் டூ வரைக்கும் ஒவ்வொரு விடியலிலும் அந்தப் பெயருக்குப் பதில் சொன்னவர் அவர்தான். வேறு எதை மறந்தாலும் நாக்கு அதை மறக்கவில்லை. அவருடைய வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நீதிபதி என்னிடம், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். அன்றைக்கு நான் செய்த கடைசி மொழிபெயர்ப்பு அது. பெயர் இருக்கிறது என்கிறார் என்றேன்.  

சட்டப்படி பார்த்தால் அது சாட்சியமே அல்ல. அவர் கூண்டில் இல்லை, சத்தியம் செய்யவில்லை, யாரும் கேள்வி கேட்கவில்லை. மறுநாள் காலையிலேயே அவர் வக்கீல் அதை ஒன்றுமில்லாமல் ஆக்கியிருக்கலாம். ஆனால் மறுநாள் அவர் சமரசத்துக்கு அவகாசம் கேட்டார். அந்தப் பதிலைச் சொன்ன பிறகு, இந்த வீடு யாருக்காக என்றே தெரியாது என்று சொல்ல மகனால் முடியவில்லை. சில மாதங்களில் சமரசத் தீர்ப்பு வந்தது. அறக்கட்டளை செல்லும். நிர்வாகத்துக்கு ஒரு திட்டம் வகுத்தார்கள், மகனும் அறங்காவலர்களில் ஒருவர். பயனாளிகள் யார் என்பதற்கு நீதிபதி எழுதிய வரி எனக்கு மனப்பாடம்: அந்த வீட்டில் காலையில் பெயர் கூப்பிடப்படும் குடும்பங்கள். அட்டவணையை நிரப்பச் சொல்லி அவர் உத்தரவிடவில்லை. ஆகவே நானும் இங்கே ஒரு பெயரையும் எழுதவில்லை.

தீர்ப்பு நாளில் தாழ்வாரத்தில் மறுபடியும் விதியை மீறினேன். அவர் பதில் சொல்வார் என்று தெரிந்துதான் பொறுத்தீர்களா என்று ஆயாம்மாவிடம் கேட்டேன்.

“தெரியாதும்மா” என்றார். அன்றுதான் முதன்முதலாக மேடத்தை விட்டு அம்மாவுக்கு வந்திருந்தார். “ஆளு எதிர்க்க இருக்கறப்ப நான் சொல்லக் கூடாதுல்ல? அது அவன் பேரு. அவன் சொல்லாட்டி அப்பறமா நான் சொல்லியிருப்பேன். கேசு போயிருக்கும். போனா போவட்டும், பேர விடலாமா?”

போன வருடம் ஆயாம்மா இறந்துபோனார். நான் அப்போது விருதுநகரில் இருந்தேன். திரும்பி வந்த பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அந்த வீட்டுக்குப் போனேன். வாசலில் நிறைமாதப் பெண்கள் இடுப்பில் கை வைத்தபடி நின்றிருந்தார்கள். அந்த மகன்தான் இப்போது பெரட்டு எடுக்கிறார். தலை நரைத்துவிட்டது. அவர் நிற்கும் இடத்துக்குப் பின்னால், சுவரில், அந்த வெறுந்தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். நகல் இல்லை, அசல். அதன் கீழே வாளி கவிழ்ந்திருந்தது. மூன்று தட்டுத் தட்டிவிட்டுக் கூப்பிடத் தொடங்கினார்.

நடு லயத்தில் ஆயாம்மாவின் பெயர் வந்தது. சாட்சிப் படிவத்தில் நானே ஒரு தடவை கேட்டு எழுதிய பெயர். அவருக்கென்று பதில் சொல்ல உலகத்தில் ஆளில்லை. வழக்கப்படி மகன் கொஞ்சம் பொறுத்தார். நான் அந்தத் தோட்டத்து ஆள் அல்ல, அந்த நாற்பத்தொன்றில் ஒருத்தி அல்ல, பிறத்தியார் பேச்சைப் பேசிச் சம்பளம் வாங்குகிறவள்.

“பேர் இருக்கு” என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.